தொண்டை கட்டிய பெட்டி

எண்பதுகளின் நடுப்பகுதியில் உடப்பில் எந்த வீட்டுப் பரணில் கைவிட்டாலும் ஒரு வால்வு ரேடியோ அகப்படும். பாதி பழுதாகிக் கிடந்தவை. மீதி, பழுதாகாமலே ஓய்வு கொடுக்கப்பட்டவை. 1977இல் நாடு திறந்த பொருளாதாரத்துக்கு மாறியதும் ஜப்பான் ட்ரான்சிஸ்டர்கள் மலிந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் தூக்கிவந்த கசெட் ரேடியோக்கள் வீட்டு மேசைகளைப் பிடித்துக்கொண்டன. சுவிட்சைத் திருகி அரை நிமிடம் காத்திருந்தால்தான் வாய் திறக்கும் பழைய பெட்டிக்கு அந்த மேசையில் இடமில்லை. எறியவும் மனம் வரவில்லை. வாங்கிய நாளில் அது அந்த வீட்டின் கௌரவம். ஆகவே பரண்.

என் கிற்றார் அம்பிளிபயர் அந்தப் பரண்களிலிருந்துதான் வந்தது. காசு கொடுத்து வாங்கியது என்று சொல்ல அதில் சில கொண்டன்சர்களும் ரெசிஸ்டர்களும் ஒரு சுருள் ஈயமும்தான். மற்றதெல்லாம் ஊரில் பேச்சடங்கிப் போன பெட்டிகளின் உறுப்புகள்.

உடப்பைத் தெரியாதவர்களுக்கு: சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், பத்துளு ஓயாவில் பிரதான வீதியை விட்டுக் கடலை நோக்கித் திரும்பினால் வருகிற தமிழ் மீனவ ஊர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் முந்தல் களப்பு. ஆடி மாதம் திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்புக்கு நாடெங்கும் இருந்து சனம் வரும். கரைவலையும், அந்த வலையை இழுக்கும்போது பாடுகிற அம்பாவும் இந்த ஊரின் பேரைச் சொல்பவை. இரண்டு தண்ணீருக்கும் நடுவே இருப்பதால் உப்புக்காற்று நுழையாத பொருள் இங்கே கிடையாது. சைக்கிள் ஆணி, தையல் மெஷின், கதவுப் பிணைச்சல் எல்லாம் அதற்குத் தீனி. ரேடியோவும் அப்படித்தான்.

ஊருக்குக் கரண்ட் வருவதற்கு முந்திய ரேடியோக்கள் பற்றரியில் ஓடியவை. வால்வின் இழையைச் சூடேற்ற ஒன்றரை வோல்ட், அதன் தகட்டுக்கு 90 வோல்ட் என்று இரண்டு வகை மின்சாரம் அவற்றுக்கு வேண்டும். அந்த 90 வோல்ட் பற்றரி கனமானது, விலையும் கூட. அதனால் செய்தி, பாட்டு, மறுபடி செய்தி என்று அளந்துதான் கேட்பார்கள். 1950இல் ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை தொடங்கியபின் அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலுக்காக அந்த அளவை மீறியவர்கள் உண்டு என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நான் தலையெடுத்த காலத்தில் கரண்ட் ரேடியோ வந்துவிட்டது.

பாகம் பொறுக்கிச் செய்வது இந்தத் தீவின் வானொலிக்குப் பிறவிக் குணம் என்றும் சொல்லலாம். தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளராக 1921இல் கொழும்புக்கு வந்த எட்வர்ட் ஹார்ப்பர், முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்புப் பெட்டி கட்டினார் என்பது இலங்கை வானொலி வரலாற்றில் எப்போதும் சொல்லப்படும் கதை. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. நான் இதையெல்லாம் பின்னால்தான் படித்தேன். முன்பே தெரிந்திருந்தால் பெரியப்பாவிடம் அவருடைய ரேடியோவைக் கேட்க இன்னும் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

கிற்றார் ஆசை சிலாபம் பக்கத்திலிருந்து தொற்றியது. அங்கே கத்தோலிக்கக் கரையூர்களில் கல்யாணமானாலும் சேர்ச் பெருநாளானாலும் பைலாப் பாட்டு இல்லாமல் முடியாது. வொலி பஸ்தியன்ஸ் போட்ட பாதையில் எம்.எஸ். பெர்னாண்டோ கொடிகட்டிப் பறந்த காலம். வடக்கே புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர், போர்த்துக்கேயம் கலந்த பேச்சில் மஞ்சா பாடுகிறார்கள். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப் பாட்டுக்குப் பாதை திறந்திருந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் இருந்த எங்களுக்கு, பைலாத் தாளத்தில் அம்பாவைப் போட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றியதில் தவறில்லை, கையில் இருந்தது சிலாபத்தில் யாரோ கைமாற்றிய ஒரு மரக் கிற்றார். கடற்கரையில் அதை வாசித்தால் வாசிப்பவனுக்கே கேட்காது. அலை ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம், டோலக் அடிக்கிற மச்சான் இன்னொரு பக்கம்.

முதலில் பிக்கப் வேண்டும். எங்கள் விஞ்ஞான மாஸ்டர் முன்னொரு காலத்தில் கிறிஸ்டல் செட் செய்து பார்த்தவர். அவரிடம் 2000 ஓம் ஹெட்போன் ஒன்று இருந்தது. அதன் மூடியைத் திருகி, உள்ளே இருக்கும் மெல்லிய இரும்புத் தகட்டை எடுத்துவிட்டால், காந்த முனைகள் இரண்டும் அவற்றைச் சுற்றிய கொயில்களும் வெளியே தெரியும். அந்த முனைகளுக்கு நேர் மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் கொயிலில் மின்சாரம் பிறக்கும். இரண்டு காதுத் துண்டுகளையும் கிற்றாரின் வாய்க்குக் குறுக்கே ஒரு பலகைச் சில்லில் பொருத்தினோம். அறுந்துபோன கம்பிகளுக்குப் பதிலாக வலை பொத்துகிற தங்கூசியைக் கட்டி வாசிப்பது எங்கள் வழக்கம். கையால் மீட்டும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பிக்கப் வைத்ததும் தெரிந்தது. காந்தத்துக்கு நைலோன் ஒரு பொருட்டே அல்ல. இரும்புக் கம்பிகள் பேசின, தங்கூசி ஊமையாக நின்றது. சைக்கிள் பிறேக் கேபிளைப் பிரித்து, ஒற்றை இழைகளை அந்த இடத்தில் முறுக்கினோம். விரல் நுனி கிழிந்தது, ஆனால் சத்தம் வந்தது.

பழைய ரேடியோக்களின் முதுகில் கிராமபோன் படம் போட்ட இரண்டு துளைகள் இருக்கும். இசைத்தட்டுப் பெட்டியின் வயரை அங்கே செருகினால் ரேடியோவே அம்பிளிபயர் ஆகிவிடும். இலங்கையிலும் இந்தியாவிலும் முதல் தடவை மின்சாரக் கிற்றார் கேட்ட பல பையன்கள் அந்தத் துளை வழியாகத்தான் கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். பெரியப்பாவின் ரேடியோவிலும் செருகினோம். கேட்டது, ஆனால் அறைக்குள் மட்டும். கிராமபோனின் கிறிஸ்டல் பிக்கப் அரை வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். எங்கள் ஹெட்போன் கொயில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கொடுக்காது. நடுவில் இன்னொரு வால்வு வேண்டும்.

அதைத் தேடித்தான் சிலாபத்தில் ரேடியோ திருத்தும் பாஸிடம் போனேன்.

பாஸ் சிங்களவர். அந்தக் கரையில் பழைய தலைமுறைக்காரர் பலருக்கு இருப்பதுபோல அவருக்கும் தமிழ் வீட்டு மொழி மாதிரிப் புழங்கும். கடை என்பது ஒரு மேசை, அதன் மேல் ஒரு மல்டி மீற்றர், பின்னால் கூரைவரை அடுக்கிய செத்த ரேடியோக்கள். நான் கிற்றாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அவர் குறுக்கிட்டார்.

“தம்பி, பெட்டி என்ன பெட்டி? வால்வுல என்ன எழுதியிருக்கு?”

எனக்கு அது ஏன் முக்கியம் என்று தெரியவில்லை. அவர் ஒரு சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் எழுதிக் காட்டினார். ஐரோப்பிய வால்வுகளின் முதல் எழுத்து அதன் இழைச் சூட்டைச் சொல்லும். ‘ஈ’ என்றால் 6.3 வோல்ட். ‘டி’ என்றால் பற்றரிச் சாதி. ‘பி’ என்றால் டெலிவிஷனிலிருந்து வந்தது. ‘யூ’ என்றால், இழைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நேரடியாக வீட்டுக் கரண்டில் போடும் வகை. அடுத்த எழுத்து உள்ளே என்ன இருக்கிறது என்பது: ‘சி’ ட்ரையோட், ‘எல்’ ஸ்பீக்கரைத் தள்ளும் பென்டோட், ‘எம்’ ஸ்டேஷனைப் பிடிக்கும்போது சுருங்கி விரியும் பச்சைக் கண், ‘இசட்’ மாறுமின்னை நேர்மின்னாக்கும் இரட்டை டயோட். எண் 8இல் தொடங்கினால் ஒன்பது ஊசி கொண்ட அடி. இதைத் தெரிந்துகொண்டபின் எந்தப் பரணில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும், அதன் சேசிஸ் எனக்குப் படிக்கத் தெரிந்த பக்கமாகிவிட்டது.

“யூவில தொடங்கினா தொடாத. கிற்றார் கம்பி இரும்பு. கம்பிய பெட்டியோட சேர்க்கிறாய். பெட்டி கரண்டோட சேர்ந்திருக்கு. பிறகு உன்னைக் கழட்ட ஆள் வேணும்.”

இதைச் சிரிக்காமல் சொன்னார். மெயின்ஸ் ட்ரான்ஸ்போமர் இல்லாத அந்த வகை ரேடியோக்களில், பிளக்கைத் திருப்பிச் செருகிவிட்டால் சேசிஸே 230 வோல்ட்டில் நிற்கும். மரப்பெட்டிக்குள் மூடியிருக்கும்வரை ஆபத்தில்லை. அதிலிருந்து ஒரு வயரை இழுத்து வியர்த்த கையில் கொடுப்பது வேறு காரியம். ஊரில் அகப்பட்ட பெட்டிகளில் சிலவற்றை அப்படியே மூடிவைத்துவிட்டேன்.

பெரியப்பாவின் பெட்டி ‘ஈ’ குடும்பம். ஈசிஎச் 81, ஈஎஃப் 89, ஈபிசி 81, ஈஎல் 84, ஈஇசட் 80. இதில் முதல் இரண்டும் அலையைப் பிடிக்கிற வேலைக்கு, கிற்றாருக்குத் தேவையில்லை. ஈஎல் 84 இருந்தது, அதுதான் முக்கியம். பிலிப்ஸ் கொம்பனி 1953இல் ரேடியோக்களுக்காகக் கொண்டுவந்த, விரல் நீளத்தில் உள்ள வால்வு. ஒன்று தனியாக 5 வாட் சொச்சம் கொடுக்கும். இங்கிலாந்தில் வொக்ஸ் கொம்பனி இதையே நான்காகப் போட்டு ஏசி 30 செய்தது. ஷாடோஸ் குழுவின் ஹேங்க் மார்வின் வாசித்து அதற்கு உலகப் பெயர் வாங்கிக்கொடுத்தார். பெரியப்பாவின் பெட்டியில் இருந்த அதே வால்வு பல காலம் காலைச் செய்தியும் மரண அறிவித்தலும் வாசித்திருக்கிறது.

இல்லாதது ஈசிசி 83. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோட். ஒவ்வொரு பாதியும் வரும் ஒலியைச் சுமார் 60 மடங்கு பெருக்கும். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும் என்று பாஸ் சொன்னார். ஆனால் 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்புக்குத் தனியாகப் போக எங்கள் வீட்டில் விடமாட்டார்கள். கடைசியில் அது லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர் ஒருவரின் கழித்துப்போட்ட மைக் அம்பிளிபயரிலிருந்து வந்தது. திருவிழாவுக்குத் திருவிழா மழையில் நனைந்து துருப்பிடித்த பெட்டி. அதற்குள் பெங்களூர் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் முத்திரையோடு ஈசிசி 83 இரண்டு பத்திரமாக இருந்தன.

இங்கே ஒரு விஷயம். அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பெடியன் பையில் வயர், ட்ரான்ஸ்போமர், ஈயம், கண்ணாடிக் குழாய்கள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவது புத்தியுள்ள காரியமல்ல. பாஸுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு தாளில் சிங்களத்தில் எல்லாப் பொருளையும் வரிசையாக எழுதி, எதற்கு என்றும் எழுதி, கடைச் சீலைக் குத்தி என் சட்டைப் பையில் வைத்தார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் பையை ஒரு பலகையில் கவிழ்த்தார்கள். “மே மொனவத?” (இதெல்லாம் என்ன?) என்று கேட்ட இளைஞனுக்கு என் வயதுதான் இருக்கும். தாளை நீட்டினேன். அவன் ஒவ்வொரு பெயராக வாசித்து ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பார்த்தான். பஸ் நின்றது, பஸ்ஸில் இருந்தவர்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை. ஒரு வால்வு பலகையிலிருந்து உருண்டு தாரில் விழுந்து நொறுங்கியது. அந்த ஈசிசி 83களில் ஒன்று. மற்றது தப்பியது. தாளைத் திருப்பித் தந்தபோது, “கிட்டார்த?” என்று மட்டும் கேட்டான். ஆமென்றேன். போகச் சொன்னான்.

அந்தத் தாளை நெடுநாள் வைத்திருந்தேன். பிறகு எங்கேயோ போய்விட்டது.

கட்டும் வேலை பெரியப்பாவின் சேசிஸ் மேலேயே நடந்தது. புதிதாகத் தகரம் வெட்டித் துளை போட எங்களிடம் கருவியில்லை. அதில் ஏற்கெனவே துளைகளும் சொக்கெட்டுகளும் இருக்கும்போது தேவையுமில்லை. ஸ்டேஷன் மாற்றும் கொண்டன்சர், கொயில் டப்பாக்கள், டயலை இழுக்கும் நூல், சில்லு எல்லாவற்றையும் கழற்றினோம். பல்லி முட்டைகளையும் சேர்த்து. ஈசிஎச் 81 இருந்த சொக்கெட்டில் ஈசிசி 83. இரண்டுக்கும் ஒன்பது ஊசிதான், ஆனால் இழைக்குப் போகும் வயர் வேறு. மற்ற வால்வுகளுக்கு நான்காம் ஊசிக்கும் ஐந்தாம் ஊசிக்கும் கொடுத்தால் போதும். ஈசிசி 83க்கு 6.3 வோல்ட்டில் நான்கையும் ஐந்தையும் ஒன்றாக முறுக்கி ஒரு வயர், ஒன்பதுக்கு மற்ற வயர். பாஸ் இதை எழுதிக் கொடுத்து அடிக்கோடும் போட்டிருந்தார்.

அவர் அடிக்கோடு போட்ட இன்னொன்று, ஈஎல் 84இன் இரண்டாம் ஊசிக்கு முன்னால் இருக்கும் சிறிய கொண்டன்சர். மெழுகு பூசிய காகிதக் கொண்டன்சர்கள் பழசானால் ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். எங்கள் கடற்கரையில் அதற்குப் பழசாகக்கூட வேண்டியதில்லை. ஒரு முனையில் 150 வோல்ட் நிற்கிறது. மறுமுனையில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஒரு சில வோல்ட் கசிந்தாலும் ஈஎல் 84 தன்னால் தாங்க முடியாத அளவு மின்சாரத்தை இழுக்கும். அதன் உள்தகடு சிவக்கும். அதோடு அந்த வால்வும், சில நேரம் ட்ரான்ஸ்போமரும் போகும். “இத மாத்தாம கரண்ட் குடுத்தா என்கிட்ட வராத” என்றார். நாலணாப் பெறாத சாமான். பழைய ரேடியோக்களில் முக்கால்வாசி இதனால்தான் செத்தன என்பது அவருடைய கணிப்பு. அதன்பின் நான் திறந்து பார்த்த பெட்டிகள் அவர் சொன்னதை மறுக்கவில்லை.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் பல்ப் ஒன்றைத் தொடரில் மாட்டிக் கொடுத்தோம். உள்ளே எங்காவது ஷோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டி தப்பும். பல்ப் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது. வால்வுகளின் அடியில் ஆரஞ்சு நிறம் மெல்ல ஏறியது. மச்சான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டிருந்தான். ஸ்பீக்கர் பெரியப்பாவின் ரேடியோவில் இருந்த முட்டை வடிவ ஸ்பீக்கர்தான். கிழிந்திருந்த கடதாசியை ஒட்டுவதற்கு, பட்டத்துக்கு வாங்கும் மெல்லிய தாளையும் பசையையும் பயன்படுத்தினோம். முதலில் வந்தது கிற்றார் அல்ல, ஹம். கடல் இரைச்சலையே மறைக்கிற ஹம்.

ஹம்மை ஒழித்த கதையை முழுதும் சொன்னால் வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். சுருக்கமாக: இழை வயர்களை ஒன்றோடொன்று இறுக முறுக்கி மூலையோடு கொண்டுபோனோம், அந்த இரண்டு வயருக்கும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று போட்டு நடுப்புள்ளியைச் சேசிஸில் சேர்த்தோம், நாலைந்து இடத்தில் சேசிஸைத் தொட்ட வயர்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தோம். 50 சைக்கிள் ஹம் இழையிலிருந்து வருவது. 100 சைக்கிள் ஹம் சப்ளையிலிருந்து வருவது. முன்னது அடிவயிற்றில் கேட்கும், பின்னது பல்லில் கேட்கும். பாஸ் மீற்றரைத் தொடாமலே, காதால் கேட்டு எது எதுவென்று சொல்லிவிடுவார்.

பெட்டிக்குப் பலகை, ஐஸ் போட்டு மீன் ஏற்றிய பழைய பெட்டியிலிருந்து. நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, சீவி, வார்னிஷும் அடித்தோம். இருந்தும் வால்வுகள் அரை மணி நேரம் எரிந்து பலகை சூடேறியதும் கருவாட்டு வாசம் எழும். கல்யாண வீடுகளில் அது ஒரு சங்கடம்தான். கத்தோலிக்கக் கல்யாணமொன்றில் மாப்பிள்ளையின் தாய் சமையல்கட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

ஓசை? அதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மெதுவாக வாசித்தால் பெட்டி சுத்தமாகப் பேசும். கொஞ்சம் அழுத்தினால் கரகரக்கும். இரண்டு கம்பியைச் சேர்த்து அழுத்தினால் அடித்தொண்டையிலிருந்து உறுமும். மாலையில் ஊரெல்லாம் லைட் போட்டதும் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 நிற்கும். அப்போது இழையின் 6.3 வோல்ட் 5.2 ஆகும், தகட்டின் 300 வோல்ட் 250 ஆகும். பெட்டி பகலைவிடச் சீக்கிரம் மூச்சுவாங்கும். ஒரே கிற்றார், ஒரே கை. மத்தியானம் ஒரு குரல், இரவு ஒரு குரல். நாங்கள் இரவுக் குரலுக்காகவே பொழுது சாயக் காத்திருப்போம்.

ஊரில் அம்பாவுக்கு அடியெடுத்துக் கொடுக்கும் மாமா ஒருவர் இருந்தார். கச்சான் காற்று ஓய்ந்து கரைவலைக் காலம் தொடங்கியபின், ஒருநாள் பெட்டியை வாடிக்குக் கொண்டுபோய் அவருடைய மெட்டையே அவருக்கு வாசித்துக் காட்டினோம். முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு மருமகனே. ஆனா இதுக்குத் தொண்டை கட்டியிருக்கு.”

மச்சான் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அவர் சொன்னது பெரிய பாராட்டாகப் பட்டது. ஏனென்றால் அவருடைய தொண்டையும் அப்படித்தான். இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நிற்க, எதிர்க்காற்றில், கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும் என்று ஒருவர் குரலெடுத்தால் அது வீட்டுக்குள் பாடுகிற குரலாக இருக்காது. தொண்டையின் எல்லையைத் தாண்டும் இடத்தில் குரல் உடையும். உடைந்தபடியே சுருதியில் நிற்கும். அந்த உடைவில்தான் இழுப்பவனின் கைக்குப் பலம் வரும். எங்கள் பெட்டி செய்ததும் அதுவே. தன்னால் முடிந்ததற்கு மேல் கேட்கப்பட்டபோது உடைந்தது. ஆனால் வெடுக்கென்று அறுந்துவிடாமல், வளைந்து உடைந்தது.

இன்று இசைக் கருவிக் கடைகளில் ‘வால்வின் இதமான ஓசை’ என்று மந்திரம் ஓதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வால்வுக்கு என்று தனி இதம் இருந்தால் காலைச் செய்தி அப்படியல்லவா கேட்டிருக்க வேண்டும்? செய்தி வாசித்தபோது அந்த ஈஎல் 84 பளிங்காகத்தான் பேசியது. கிற்றார் அதன் தலையில் அளவுக்கு மிஞ்சி ஏற்றியபோது, வால்வு தன் உச்சத்தைத் திடீரென்று தொடாமல் படிப்படியாகச் சுருங்கியது. ரேடியோவுக்கென்று சிக்கனமாகச் செய்த சின்ன ஸ்பீக்கர் ட்ரான்ஸ்போமர், அடி ஓசையைத் தாங்காமல் விட்டுவிட்டது. ஓங்கி அடித்த நேரம் ஈஇசட் 80 கொஞ்சம் வோல்டேஜை விழுங்கிக்கொண்டது. பட்டத்தாள் ஒட்டிய ஸ்பீக்கர் தன் பங்குக்கு இரைந்தது. ஓசையைச் செய்தவை இந்தக் குறைகள். எல்லாம் புதிதாக, தாராளமாக வாங்கிக் கட்டியிருந்தால் மாமா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

லண்டனில் நடந்ததும் அடிப்படையில் இதுதான். டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962 அளவில், கென் பிரான், டட்லி கிரேவன் என்ற இரண்டு தொழில்நுட்பக்காரரோடு சேர்ந்து அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மன் அம்பிளிபயரைப் பார்த்து ஒன்றைக் கட்டினார். வரைபடம் ஏறக்குறைய அதேதான். போட்டது இங்கிலாந்தில் கைக்கெட்டிய ட்ரான்ஸ்போமர், கைக்கெட்டிய ஸ்பீக்கர், கைக்கெட்டிய வால்வு. வந்தது ஃபெண்டரின் ஓசை அல்ல. அடுத்த இருபது ஆண்டு ரொக் இசையின் ஓசை. அவர்கள் பேரும் பணமும் எடுத்தார்கள். நாங்கள் உடப்பிலும் ஆண்டிமுனையிலும் சில கல்யாண வீடுகளில் வாசித்தோம்.

பைலாத் தாளத்தில் அம்பா போட்டோமா? போட்டோம். இளசுகள் ஆடினார்கள், பெரியவர்கள் பாதிப் பேர் எழுந்து போனார்கள். கொஞ்ச காலத்தில் மச்சான் வெளிநாடு போனான். ஜப்பான் கீபோர்ட் வந்தது. ஒரே ஆள் ஒரே பெட்டியில் டோலக்கும் கிற்றாரும் வயலினும் வாசித்தான். களப்போரம் இறால் பண்ணைகள் எழுந்தன, ஊரில் காசு புழங்கியது, மீன் நாற்றம் அடிக்கிற பெட்டியை வாடகைக்குக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. பிறகு பல கரைகளில் வலையை உழவு இயந்திரத்தின் வின்ச் இழுக்கத் தொடங்கியது. அதற்கு அம்பா தேவையில்லை. மேடைகளில் அம்பா பாடுகிறார்கள், நன்றாகவே பாடுகிறார்கள்; மைக் இருப்பதால் யாரும் தொண்டையை உடைக்க வேண்டியதில்லை. எனக்கு அந்தச் சுத்தமான குரல் ஒட்டவில்லை. மேடைக்காரர்கள் ஒருமுறையாவது மைக்கைத் தள்ளிவைத்துவிட்டுக் காற்றுக்கு எதிரே நின்று பாடிப் பார்க்க வேண்டும்.

பெட்டி என்னிடம் இருக்கிறது. ஈஎல் 84ஐ ஒருமுறை மாற்றியிருக்கிறேன். ஸ்லோவாக்கியாவில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் ஈசிசி 83 இன்னும் அதே சொக்கெட்டில் இருக்கிறது. பிரச்சினை ஈஇசட் 80இல். பழையது களைத்துவிட்டது. ஈஇசட் 81 புதிதாகக் கிடைக்கும், ஊசிகளும் பொருந்தும். ஆனால் அதன் இழை 1 அம்பியர் கேட்கும், என் ட்ரான்ஸ்போமர் 0.6க்குக் கட்டியது. பாஸின் மகன் இரண்டு டயோட் போட்டு வேலையை முடித்துவிடலாம் என்கிறான். முடிக்கலாம். வோல்டேஜ் ஏறும், அடிக்கும்போது தாழாது, தொண்டை தெளிந்துவிடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு வால்வு ரேடியோ கிடந்தால், செம்புக்கென்று ட்ரான்ஸ்போமரை உடைத்து விற்றுவிடாதீர்கள். அந்த அளவில் மறுபடி சுற்றிக் கொடுக்க இன்று ஆள் கிடைப்பது கஷ்டம். பின்மூடியைக் கழற்றி வால்வுகளின் பெயரைப் பாருங்கள். எனக்காகக் கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டாம். அப்படிக் கொடுத்திருந்தால், பிளக்கை இழுத்த பின்னும் பெரிய கொண்டன்சரில் 300 வோல்ட் நிற்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்; 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றால் அதை இறக்கி, மீற்றரில் பூச்சியம் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். ஈஇசட் 80 இருந்தால் ஆட்டாமல் நேராக மேலே இழுங்கள். ஆட்டினால் ஊசியடியில் கண்ணாடி வெடிக்கும். பழைய துணியில் சுற்றி அனுப்பிவையுங்கள். தபால் செலவு என்னுடையது.